கனடா பி.ஆர். விண்ணப்பத்தில் ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்ல வேண்டுமா?

கேள்வி கேட்டவர் திருச்சியைச் சேர்ந்தவர், வயது 38, திறன்மிக்க பணியாளர்களை மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு, அதாவது பி.ஆர்.-க்கு, விண்ணப்பிக்க இருக்கிறார். அவருக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் உள்ளது. மனைவிக்கு 2016-ல் நுரையீரல் காசநோய் வந்து, முழுச் சிகிச்சை எடுத்துக் குணமாகிவிட்டது. ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். இவற்றில் எதையும் எழுத வேண்டாம் என்றும், மெடிக்கலில், அதாவது விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில், கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றும், மகனை இப்போது சேர்க்காமல் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றும் ஏஜென்ட் ஆலோசனை சொல்கிறார். எழுதினால் மறுத்துவிடுவார்களா என்பதே அவருடைய கவலை. பெற்றோரைப் பின்னால் அழைத்துக்கொள்வது பற்றியும் கேட்கிறார்.

நீங்கள் விவரித்திருக்கும் நிலையில், இந்த மூன்றில் எதுவும் இன்றைய கனடா சட்டப்படி உங்கள் விண்ணப்பத்தைத் தானாகத் தள்ளுபடி செய்யவைக்கக் கூடியது அல்ல. ஆனால் இவற்றை மறைப்பது தள்ளுபடி செய்யவைக்கக் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பலருக்குத் தெரியாததால்தான், சொல்லிவிட்டுப் போயிருந்தால் எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய பி.ஆர்.-ஐச் சில குடும்பங்கள் பொய்யினால் இழக்கின்றன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கனடாவின் குடியேற்ற மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 38-ஆம் பிரிவு, உடல்நிலையைக் காரணம் காட்டி ஒருவரை மறுப்பதற்கு மூன்றே வழிகளைத் தருகிறது. அவருடைய நோய் பொதுமக்களின் ஆரோக்கியத்துக்கு ஆபத்தாக இருப்பது முதலாவது. பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஆபத்தாக இருப்பது இரண்டாவது. அரசின் சுகாதார, சமூகச் சேவைகள் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக்கூடியதாக இருப்பது மூன்றாவது. நோய் இருக்கிறது என்ற ஒன்றுக்காக மறுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. முதல் வகையில் பெரும்பாலும் வருபவை சிகிச்சை பெறாத காசநோயும் சிகிச்சை பெறாத சிபிலிஸும். இரண்டுமே குணப்படுத்தக்கூடியவை என்பதால், சிகிச்சை முடித்துவிட்டு வரச் சொல்கிறார்களே தவிர, கதவை நிரந்தரமாக மூடுவதில்லை. இரண்டாவது வகை, வன்முறையோடு சேர்ந்த, கட்டுக்கடங்காத மனநலக் கோளாறுகளைக் குறிப்பது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கும் அந்தப் பிரிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் ஊரில் மனநல மருத்துவரைப் பார்த்ததையே பலர் வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விண்ணப்பத்திலும் கொண்டுபோய்விடுகிறார்கள்.

மூன்றாவதான அளவுக்கு மீறிய சுமைதான் பெரும்பாலோர் அஞ்சுவது. அதற்கு ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 2025-ஆம் ஆண்டுக்கு அது ஓராண்டுக்கு 27,162 கனடிய டாலராகவும் ஐந்தாண்டுக்கு 1,35,810 டாலராகவும் இருந்தது. ஆண்டுதோறும் இதைத் திருத்தி அறிவிப்பார்கள். உங்கள் நோய்க்கு அடுத்த ஐந்தாண்டுகளில் கனடா அரசுக்கு ஆகக்கூடிய செலவு இந்தத் தொகையைத் தாண்டுமா, அல்லது ஏற்கெனவே நீண்ட காத்திருப்புப் பட்டியல் உள்ள சேவையில் பிறருடைய முறையைத் தள்ளிப்போடுமா என்பதுதான் கணக்கு. 2017-ல் இதே வரம்பு ஆண்டுக்கு 6,655 டாலர் மட்டுமே இருந்தது. 2018 ஜூன் 1 முதல் அதை மூன்று மடங்காக உயர்த்தினார்கள். 2022-ல் அந்த மாற்றத்தை விதிகளிலேயே நிரந்தரமாக்கினார்கள். பழைய வரம்பின் காலத்தில் மறுக்கப்பட்டவர்களின் கதைகள் இன்னும் உலவிக்கொண்டிருக்கின்றன; உங்கள் ஏஜென்டின் அச்சமும் அங்கிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

சர்க்கரை நோயை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மெட்பார்மின் போன்ற மாத்திரைகள், ஆண்டுக்குச் சில முறை மருத்துவர் சந்திப்பு, ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் கூட்டினாலும் வரம்பின் பக்கத்தில்கூட வராது. அதிகாரிகள் பார்ப்பது சர்க்கரையை விட, அது சிறுநீரகத்தை எந்த அளவுக்குப் பாதித்திருக்கிறது என்பதைத்தான். 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பதும், ஐந்து வயதுக்கு மேல் சிறுநீரைச் சோதிப்பதும் இதற்காகவே. கிரியாட்டினின் இயல்பாக இருந்து, மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் இருந்தால், அந்த விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆட்டிசத்துக்கு வரலாறு சற்றுக் கடினமானது. முன்பு சிறப்புக் கல்விக்கு ஆகும் செலவையும் சேர்த்தே கூட்டினார்கள். அதனால் உடல் நலமாக உள்ள, பள்ளியில் கூடுதல் உதவி மட்டும் தேவைப்படும் பிள்ளைகள்கூட வரம்பைத் தாண்டியவர்களாகக் கருதப்பட்டார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இருவர் தொடுத்த வழக்கில், 2005-ல் கனடா உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை அளித்தது. நோயின் பெயரைப் பார்த்து ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது, அந்தக் குடும்பத்தின் உண்மையான தேவை, வசதி, திட்டம் ஆகியவற்றைத் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்பது அதன் சாரம். ஹிலெவிட்ஸ் வழக்கு என்று அதைக் குறிப்பிடுவார்கள். அதற்குப் பிறகும் மறுப்புகள் தொடர்ந்தன. கோஸ்டா ரிகாவிலிருந்து வந்து டொரொண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஒருவருக்கு, மகனின் டவுன் சிண்ட்ரோமைக் காரணம் காட்டி 2016-ல் பி.ஆர். மறுக்கப்பட்டது, செய்தி பரவி எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த முடிவு மாறியது. 2018-ல் கொண்டுவந்த மாற்றத்தில், சிறப்புக் கல்வி, சமூக மற்றும் தொழில்சார் மறுவாழ்வுச் சேவைகள், அன்றாட உதவிச் சேவைகள் ஆகியவற்றைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். எனவே உங்கள் மகனைப் பொறுத்தவரை இன்று எண்ணப்படுவது மருத்துவச் செலவும் அதோடு நெருங்கிய தொடர்புடைய சேவைகளும் மட்டுமே. வலிப்பு போன்ற வேறு நோய் எதுவும் இல்லாமல், வழக்கமான பள்ளிக்கோ சிறப்புப் பள்ளிக்கோ போய்வரும் பிள்ளைக்கு அந்தத் தொகை பெரிதாக இருப்பதில்லை.

காசநோயில் செலவு ஒரு பொருட்டே அல்ல. தொற்று இப்போது இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. 11 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். குணமான காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு தழும்பையோ சுண்ணாம்புப் படிவையோ விட்டுவைத்திருக்கும். படம் பார்த்துப் பழகிய கதிரியக்க மருத்துவருக்கு அது ஒரே பார்வையில் தெரியும். அந்தத் தழும்பு தெரிந்த நிலையில், உங்கள் மனைவி தனக்குக் காசநோய் வந்ததே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், மருத்துவருக்கு முன் இரண்டு சந்தேகங்கள் எழும்: ஒன்று, இது சிகிச்சையே பெறாத நோய், மற்றொன்று, இவர் பொய் சொல்கிறார். முதல் சந்தேகத்தைத் தீர்க்க மூன்று நாள் சளி எடுத்து, நுண்ணோக்கியிலும் வளர்ப்புச் சோதனையிலும் பார்க்க வேண்டியிருக்கும். வளர்ப்புச் சோதனையின் முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். இரண்டாவது சந்தேகத்தைத் தீர்க்க எந்தச் சோதனையும் இல்லை.

மாறாக, 2016-ல் காசநோய் வந்தது, இந்த மருந்துகளை இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எடுத்தேன் என்று சொல்லி, சிகிச்சை அட்டையையும் சிகிச்சையின் முடிவில் எடுத்த எக்ஸ்ரேயையும் கொடுத்தால், புதிய படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, மாற்றம் இல்லை என்று முடிவுக்கு வர அவர்களால் முடியும். சளிப் பரிசோதனையை அப்போதும் கேட்கலாம்; கேட்டால் கொடுத்துவிடுங்கள். குணமான காசநோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, கனடாவில் இறங்கிய 30 நாளுக்குள் அந்த மாகாணத்தின் பொதுச் சுகாதாரத் துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கூடிய அனுமதி. அது மறுப்பு அல்ல, கண்காணிப்பு மட்டுமே. அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சிகிச்சை எடுத்திருந்தால் அங்குள்ள காசநோய்ப் பிரிவில் பழைய பதிவேடு இருக்கும். தனியாரிடம் எடுத்திருந்தாலும், 2012 முதல் தனியார் மருத்துவர்களும் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் அது என்பதால், காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடான நிக்ஷயில் பெயர் இருக்கிறதா என்று மாவட்டக் காசநோய் மையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு முக்கியமான நடைமுறை விஷயம் இங்கே சேர்கிறது. 2025 ஆகஸ்ட் 21 முதல், எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே மெடிக்கலை முடித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வந்த பிறகு உங்களுக்கு இருப்பது 60 நாள். மெடிக்கலுக்கு நேரம் வாங்குவது முதல் எல்லாமே அந்த 60 நாளில் நெருக்கும் என்பதால், மனைவியின் பழைய ஆவணங்களை அழைப்புக்காகக் காத்திராமல் இப்போதே திரட்டத் தொடங்குங்கள். மெடிக்கல் 12 மாதம் செல்லும் என்பதால் மிக முன்கூட்டியே செய்துவிடுவதும் நல்லதல்ல.

மெடிக்கலைச் செய்யும் பேனல் டாக்டர், அதாவது அதற்காகக் கனடா அரசு அங்கீகரித்த மருத்துவர், உங்களுக்குச் சிகிச்சை தருபவர் அல்லர், முடிவெடுப்பவரும் அல்லர். அவர் உங்களைப் பரிசோதித்து, கேட்டதையும் கண்டதையும் இணையவழியாகக் கனடாவின் குடியேற்றத் துறையான ஐ.ஆர்.சி.சி.-க்கு அனுப்புகிறார். அங்குள்ள மருத்துவ அதிகாரி கருத்துச் சொல்கிறார், அதை வைத்து விசா அதிகாரி முடிவெடுக்கிறார். ஆகவே பேனல் டாக்டரிடம் கெஞ்சவும் வேண்டியதில்லை, அவரை அஞ்சவும் வேண்டியதில்லை. அவர் கேட்பது பழைய நோய்கள், அறுவை சிகிச்சைகள், மருத்துவமனையில் தங்கியது, இப்போது எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றைத்தான். சட்டையைக் கழற்றி இதயத்தைக் கேட்கும்போது பைபாஸ் செய்த தழும்பு தெரியும். எக்ஸ்ரேயில் மார்பெலும்பைக் கட்டிய கம்பிகள் வரிசையாகத் தெரியும். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் தெரியும். ஆட்டிசம் உள்ள குழந்தையோடு மருத்துவர் சில நிமிடம் பேசினாலே போதும். மறைக்கலாம் என்று சொல்கிறவர்கள் இந்த அறைக்குள் ஒருமுறையும் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி, எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பது. கேள்வியை முழுவதும் படியுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்பதே என் அறிவுரை. சுற்றுலா விசாவுக்கும் மாணவர் அனுமதிக்கும் உரிய படிவங்களில், கடந்த இரண்டாண்டுக்குள் உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ நுரையீரல் காசநோய் வந்ததா, அல்லது காசநோயாளியோடு நெருங்கிப் பழகினீர்களா என்றுதான் கேட்கிறார்கள். 2016-ல் குணமானவர் 2023-ல் அதற்கு இல்லை என்று எழுதியிருந்தால் அது முழு உண்மை. அதே படிவத்தில், மருந்தைத் தவிர வேறு சுகாதார, சமூகச் சேவை தேவைப்படும் உடல் அல்லது மனக் கோளாறு உண்டா என்றும் கேட்கிறார்கள். மாத்திரையால் மட்டும் கட்டுப்படும் சர்க்கரை அதில் அடங்காது. ஆனால் பி.ஆர். விண்ணப்பத்தின் பின்னணிக் கேள்விகளில் வருவது வேறு: கடுமையான நோயோ, உடல் அல்லது மனக் கோளாறோ உங்களுக்கு இருந்ததுண்டா என்பது. இதற்குக் கால வரம்பு இல்லை. உங்கள் மனைவியின் காசநோய்க்கும் மகனின் ஆட்டிசத்துக்கும் இங்கே ஆம் என்பதுதான் பதில். சர்க்கரையைக் கடுமையான நோய் என்று சொல்வதா என்று தயங்குகிறவர்களுக்கும் ஆம் என்று குறித்து, கட்டுக்குள் உள்ளது, இந்த மருந்து எடுக்கிறேன் என்று ஒரே வரியில் விளக்கம் எழுதும்படிதான் சொல்வேன். அதனால் எதுவும் குறைவதில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் மதிப்பெண்ணில் உடல்நிலைக்கு இடமே கிடையாது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கேட்கப்படும் எல்லாக் கேள்விகளுக்கும் உண்மையாகப் பதில் சொல்லும் கடமையை விண்ணப்பதாரர் மீது சுமத்துகிறது. 40-ஆம் பிரிவு, முடிவைப் பாதிக்கக்கூடிய உண்மையைத் திரித்தவரையும் மறைத்தவரையும் ஐந்தாண்டு கனடாவுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. இந்தத் தடை 2014 வரை இரண்டாண்டாக இருந்து, பிறகு ஐந்தாக உயர்ந்தது. பொய் பலிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதிகாரியைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடியதாக இருந்தாலே போதும். நேரடியாகவோ மறைமுகமாகவோ என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஆகையால் ஏஜென்ட் எழுதினார், எனக்குத் தெரியாது என்ற வாதம் ஏறக்குறைய எப்போதும் எடுபடுவதில்லை. படிவத்தின் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. பி.ஆர். கிடைத்த பிறகு வெளிவந்தாலும் அதைப் பறிக்கலாம். பொய்யான தகவலின் மேல் பெற்ற குடியுரிமையையும் ரத்து செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் ஏஜென்டுக்கு இவற்றில் எந்த இழப்பும் நேராது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

மகனை விட்டுவிட்டுப் போடலாம் என்ற யோசனைதான் இவற்றில் மிகவும் ஆபத்தானது. உடன் வந்தாலும் வராவிட்டாலும், மனைவி மக்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி, எல்லோரும் மெடிக்கல் செய்தாக வேண்டும். உடன் வரவில்லை என்று குறித்தாலும் மெடிக்கலிலிருந்து தப்ப முடியாது. பெயரையே எழுதாமல் விட்டால், குடியேற்ற விதிகளின் 117(9)(d) குறுக்கே வந்து நிற்கும்: விண்ணப்பத்தின்போது அறிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்ட குடும்ப உறுப்பினரைப் பின்னால் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது. இதில் வேதனையானது என்னவென்றால், முறைப்படி அறிவிக்கப்பட்ட மனைவியையோ சார்ந்திருக்கும் பிள்ளையையோ ஸ்பான்சர் செய்யும்போது அளவுக்கு மீறிய சுமை என்ற காரணத்தையே அவர்கள் மீது சொல்ல முடியாது. 38-ஆம் பிரிவே அவர்களுக்கு விலக்குத் தருகிறது. இலங்கையிலிருந்து போய் அகதிகளாக ஏற்கப்பட்ட நம்மவர்களுக்கும் அதே விலக்கு உண்டு. மகனை மறைப்பவர், தன் மகனுக்குச் சட்டம் வைத்திருக்கும் அந்த ஒரு பாதுகாப்பையும் தன் கையாலேயே எடுத்துவிடுகிறார்.

அடுத்து ஆவணங்கள். சொல்வதோடு நின்றுவிடாமல், சொன்னதற்கு ஆதாரமாக, சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் ஆளுக்கொரு கடிதம் வாங்குங்கள். நம் மருத்துவர்கள் அவசரத்தில் எழுதித் தரும் இரண்டு வரிச் சான்றிதழ், நலமாக இருக்கிறார், பயணம் செய்யலாம் என்ற வகையில் இருக்கும். அது இங்கே எதற்கும் பயன்படாது. கடிதத்தில் நோயின் பெயர், கண்டறிந்த ஆண்டு, இப்போது எடுக்கும் மருந்தும் அதன் அளவும், கடைசிப் பரிசோதனை முடிவுகள் தேதியுடன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதுண்டா என்ற தகவல், அடுத்த ஐந்தாண்டுகளில் என்ன சிகிச்சை தேவைப்படும் என்ற கருத்து ஆகியவை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் முக்கியம், ஏனென்றால் கனடா அதிகாரி கணக்கிடப் போவது அதைத்தான். மகனுக்கு வளர்ச்சி மருத்துவரின் அறிக்கையோடு, அவன் படிக்கும் வகுப்பு, தானாகச் செய்துகொள்ளும் வேலைகள், மருந்து எதுவும் இல்லை என்பது ஆகியவற்றையும் எழுதி வாங்குங்கள். நிலைமையைக் குறைத்துக் காட்டும்படி மருத்துவரைக் கேட்காதீர்கள். உள்ளதை உள்ளபடி, எண்களோடு எழுதினால் அதுவே உங்களுக்குச் சாதகமாக இருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் அதிகாரிக்குச் சந்தேகம் எழுந்தால், நேரடியாக மறுத்துவிட மாட்டார்கள். என்ன நோய், என்ன சேவை, எவ்வளவு செலவு என்று கணக்குக் காட்டி, உங்கள் பதிலைக் கேட்டு ஒரு கடிதம் வரும். நடைமுறை நேர்மைக் கடிதம் என்று அதைச் சொல்லலாம். பதில் தர 90 நாள் அவகாசம் கொடுப்பார்கள். அதில் நோய் பற்றிய அவர்களுடைய கணிப்பு தவறு என்றோ, மருந்து மாறிவிட்டது என்றோ, விலை குறைந்த மருந்தே போதும் என்றோ மருத்துவச் சான்றுடன் காட்டலாம். அல்லது செலவை ஏற்க வேலை தரும் நிறுவனத்தின் காப்பீடு, சேமிப்பு ஆகியவற்றோடு ஒரு திட்டத்தைத் தரலாம். ஆனால் மருத்துவமனைச் சிகிச்சையும் மருத்துவர் கட்டணமும் கனடாவில் அரசுக் காப்பீட்டின் கீழ் வருபவை. அவற்றை நானே காசு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள், ஏனெனில் அப்படிக் கொடுக்க அங்கே வழியில்லை. வெளியில் வாங்கும் மருந்துகளுக்கு அந்தத் திட்டம் செல்லும். இந்தக் கடிதம் வந்துவிட்டால் உரிமம் பெற்ற ஆலோசகரையோ கனடிய வழக்கறிஞரையோ கட்டாயம் அணுகுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல.

வரம்பை உண்மையிலேயே தாண்டும் நிலைகளும் உண்டு. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, எக்ஸ்பிரஸ் என்ட்ரி அடங்கும் பொருளாதாரப் பிரிவில் பி.ஆர். கிடைப்பது மிகக் கடினம். அவர்களுக்கும் மறைப்பு ஒரு வழியல்ல. மனிதாபிமானக் காரணங்களைக் காட்டும் 25-ஆம் பிரிவு வேண்டுகோள், தற்காலிகக் குடியிருப்பு அனுமதி ஆகியவை மட்டுமே எஞ்சுகின்றன, அவையும் உறுதியானவை அல்ல.

உங்கள் பெற்றோரைப் பின்னால் அழைத்துக்கொள்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெற்றோருக்கு அந்தச் சுமை விலக்குக் கிடையாது. ஸ்பான்சர் செய்தாலும், பெற்றோர் நீண்ட நாள் தங்கிப்போக உள்ள சூப்பர் விசாவில் வந்தாலும் அவர்களுக்கு மெடிக்கல் உண்டு, சுமைக் கணக்கும் உண்டு. சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் பாதுகாப்புள்ள ஓராண்டு மருத்துவக் காப்பீடும் தேவை. அந்தக் காப்பீட்டுப் படிவத்திலும் இதே கேள்விகள் வரும். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையின் அளவைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் அதையும் கேட்பார்கள், ஏனெனில் குறிப்பிட்ட மாதங்கள் மாற்றமில்லாமல் நிலையாக இருந்த நோய்க்கே பல திட்டங்கள் பணம் தருகின்றன. அங்கே ஒன்றை மறைத்துவிட்டு, குளிர்காலத்தில் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்தால், காப்பீட்டு நிறுவனம் பழைய மருந்துச் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும். கட்டணம் முழுவதும் உங்கள் பெயருக்கு வரும். சற்றுக் கூடுதல் பிரீமியம் கட்டி, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்துப் பாதுகாப்பளிக்கும் திட்டத்தை வாங்குங்கள். வாங்குவதற்கு முன் அப்பாவின் மருந்துப் பட்டியலை அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.